படுத்தவன் பங்கு

என் மச்சான் சந்தியோகுவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டுக்கு மேல் வராது. வாய்க்காரன், பிடிவாதக்காரன். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறவன். என் தங்கை செபஸ்தியம்மாவை அவன் கட்டின நாள் தொடக்கம் எனக்கும் அவனுக்கும் துறையில் ஒவ்வொரு காலையும் சண்டைதான். முதலில் காற்றைப் பற்றி, பிறகு வலையைப் பற்றி, அதற்குப் பிறகு வேறு எதுவும் கிடைக்காவிட்டால் முந்தின நாள் சண்டையில் யார் வென்றது என்பதைப் பற்றி. அது முடிந்த பிறகுதான் இரண்டு பேருடைய வள்ளமும் தண்ணீரில் இறங்கும். எங்கள் சத்தம் கேட்டுத்தான் சனம் பாயைச் சுருட்டுகிறது என்று என் மனைவி கிறேஸ் சொல்வாள். கொஞ்சம் கூட்டிச் சொல்வது அவளுடைய பழக்கம்.

எங்கள் துறை ஊர்காவற்றுறைக்குத் தெற்கே. ஐரோப்பாவில் சண்டை வரும், வராது என்று பத்திரிகைக்காரர் எழுதிக் கொண்டிருந்த வருடம் அது. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்றுத் தொடங்குகிற சமயம் சந்தியோகுவின் கையில் கெளிற்று மீனின் முள் குத்திவிட்டது. கட்டிய பச்சிலை ஒன்றும் கேட்கவில்லை. கை தலையணை மாதிரி வீங்கி, மனிதன் இராப்பகலாக அனுங்கத் தொடங்கினான். செபஸ்தியம்மா கண்ணைக் கசக்கிக் கொண்டு என்னிடம் வந்தாள். நான் மாட்டு வண்டிலைப் பூட்டி அவனை ஏற்றிக்கொண்டு சரவணைக்குப் போனேன்.

சரவணையில் செல்வரத்தினம் என்றொரு டாக்டர் இருந்தார். மலாயாவில் வெகுகாலம் வேலை பார்த்து, பென்சன் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர். சைவர், மச்சம் மாமிசம் தொடாதவர். ஆனாலும் மீன் மணக்கும் எங்கள் கைகளைப் பிடித்துப் பார்க்க ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கையைக் கீறி, முள்ளை எடுத்து, மருந்து வைத்துக் கட்டிவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். மனிதர் அலுமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தார். அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் பாதரசம். சந்தியோகுவின் நல்ல கையில் ஒரு துணிப்பையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி, இரசம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு அவனைக் கொஞ்ச நேரம் படுக்க வைத்து இன்னொருமுறை பார்த்தார். அதற்குப் பிறகும் ஒருமுறை. அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

"சந்தியோகு, உமக்குத் தலையிடி, தலைச்சுத்து ஏதும் இருக்கே?"

"இல்லை ஐயா. கைதான் நோகுது."

"கை மாறிப்போகும், கையை விடும். உம்மடை இரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டி நிக்குது. இது கூடாத கணக்கு."

"எனக்கு ஒண்டும் செய்யேல்லையே ஐயா?"

"செய்யாது. நோகாது, காட்டாது. அதுதான் அதின்ரை குணம். வாய்க்கால் நிறையத் தண்ணி ஓடிக்கொண்டிருக்கும், பாக்க வடிவாயிருக்கும். வரம்பு எப்ப உடையுமெண்டு ஒருத்தராலையும் சொல்ல ஏலாது. உம்மடை தேப்பன் இருக்கிறாரோ?"

நான்தான் சொன்னேன். அவனுடைய அப்பர் வலை இழுத்துக் கொண்டிருக்கும்போது ஒரு பக்கமாகச் சரிந்தவர். அதற்கு முதல் நாள் கோவில் திருவிழாவில் கொடிமரம் தூக்கின மனிதர். பிறகு கையும் காலும் வாயும் ஒரு பக்கம் இழுத்தபடி, கதிரையில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டே காலத்தை முடித்தார்.

டாக்டர் தலையை ஆட்டினார். வாய்க்காலும் வரம்பும் சரவணைத் தோட்டக்காரர்களுக்கு விளங்கும். எங்களுக்கு அப்பரைச் சொன்னால் போதும். சந்தியோகு அந்த இடத்திலேயே கறுத்துப் போனான்.

கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்தன. சாப்பாட்டில் உப்புக் கூடாது. சுருட்டுக் கூடாது. வயிறு வற்ற வேண்டும், அதற்குக் காலையில் நடக்க வேண்டும். நேரத்துக்குப் படுக்க வேண்டும். நித்திரை வராவிட்டால் மட்டும் போட ஒரு குளிசை தந்தார். கடைசியாகத்தான் குண்டைப் போட்டார்.

"ரண்டு மாசத்துக்குக் கடல் வேண்டாம். பேந்து வாரும், பாப்பம். குறைஞ்சால் போகலாம். குறையாட்டில், சந்தியோகு, கடலை மறக்கவேண்டியதுதான். நடுக்கடலிலை விழுந்தால் உம்மை ஆர் தூக்கிறது?"

சந்தியோகு எழும்பி வெளியே போய் வண்டிலில் ஏறிக் குந்திக் கொண்டான். டாக்டர் என்னை மட்டும் நிற்பாட்டி, "அவரோடை சண்டை சச்சரவு இல்லாமல் பாத்துக்கொள்ளும், கோபமும் இதுக்குக் கூடாது" என்றார். இந்த உலகத்தில் வேறு ஆளில்லாமல் என்னிடம் சொன்னார். நான் ஓம் ஐயா என்றேன்.

அன்றைக்கே துறை முழுவதும் சொல்லிவிட்டேன். சந்தியோகு என்ன சொன்னாலும் ஓமென்று சொல்லுங்கள், அவன் கோபப்பட்டால் அப்பரைப் போல விழுவான், அந்தப் பாவம் உங்களைச் சேரும் என்று ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று சொன்னேன். சனம் பயந்து போனது. சந்தியோகு வைதால் சிரித்தார்கள். அவனுடைய நாயைக் கூட ஒருவரும் கல்லால் எறியவில்லை. பின்னேரத்தில் முந்நூற்றிநாலு சீட்டு விளையாடக் குந்தினால், கையில் நல்ல துரும்பை வைத்துக்கொண்டு அவனுக்கு விட்டுக் கொடுத்தார்கள். நானும் விட்டுக் கொடுத்தேன். அந்த வலி எனக்குத்தான் தெரியும்.

என் தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். செபஸ்தியம்மா உப்புச் சாடியைக் குசினியிலிருந்து தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைச் செபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக் கொண்டாள். தன் சோற்றுக்கும் உப்பில்லை என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படித்தான், பிடித்தால் விடமாட்டாள். எங்கள் வீட்டுப் பெண்.

இனி எங்கள் துறையின் வழக்கம் ஒன்று. கடலுக்குப் போக ஏலாமல் ஒருவன் வீட்டில் இருந்தால், கரைக்கு வருகிற ஒவ்வொரு வள்ளமும் அவன் வீட்டுக்கென்று ஒரு மீனைத் தூக்கிப் போடும். படுத்தவன் பங்கு என்று அதற்குப் பேர். ஆர் பகை, ஆர் உறவு என்ற கதையே அதில் இல்லை. சோழகம் அடிக்கிற மாதங்களில் பச்சை மீன் தட்டுப்பாடு. கடல் கிடந்து குமுறும், பாதி நாள் வள்ளம் இறங்காது. அப்போது அவரவர் வீட்டில் போட்டு வைத்த கருவாடுதான் பங்காகப் போகும்.

நான் கருவாடு போட்டால் ஊர்காவற்றுறையிலிருந்து ஆள் தேடி வரும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். சீலா, கட்டா, பெரிய விளைமீன் என்று பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்த கையோடு தங்கை வீட்டுக்குப் போவேன். மச்சானோடு சண்டை பிடிக்க வழியில்லை. அந்தச் சண்டைக்குப் போகிற சத்து எல்லாம் எங்கேயாவது போகத்தானே வேண்டும்? என் வீட்டுக்கென்று வைத்திருந்ததில் பாதியை அவனுக்குக் கொடுத்தேன். கிறேஸ் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் ஏதும் நோய் வருத்தமே?" என்று கேட்டாள்.

சந்தியோகு சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு அதிசயமாக இருந்தது. உப்பில்லாத சோறு, உப்பில்லாத சொதி, உப்பில்லாத கருவாட்டுக் குழம்பு. மனிதன் ஒரு முறைப்பாடு இல்லாமல் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டான். இவனுக்கு இவ்வளவு பொறுமை எங்கேயிருந்து வந்தது என்று நான் யோசித்தேன். அந்த இடத்தில் நான் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம். சந்தியோகு தன் வளவில் கவிழ்த்து வைத்த வள்ளத்தின் நிழலில் இருந்தான். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன். அவன் கடலைப் பார்த்தபடி, "இனி வாடைக்காத்து அடிக்கப்போகுது, மச்சான்" என்றான்.

"ஓம் மச்சான். அப்பிடித்தான் தெரியுது" என்றேன்.

அவன் திரும்பி என் முகத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"கிறிஸ்தோப்பர், ஆடி மாசத்திலை ஆருக்கடா வாடை அடிக்கும்? ஒரு விசரன் கூட அதுக்கு ஓமெண்டு சொல்லமாட்டான். நீ சொல்லுறாய். உன்னை நான் அறியனே? உனக்கு டாக்குத்தர் என்ன சொன்னவர்?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லை."

"என்னை வெளியிலை விட்டுட்டு உன்னோடை கதைச்சவர். நான் வண்டிலிலை இருந்து பாத்தனான். ஊரிலை ஒருத்தனும் என்னை எதிர்த்து ஒரு சொல்லுச் சொல்லுறானில்லை. முந்தநாள் நான் கள்ளச்சீட்டுப் போட்டனான், எல்லாரும் கண்ட பிறகும் சிரிச்சுக்கொண்டு விட்டவங்கள். சாகப்போறவனுக்குத்தான் இப்பிடி விட்டுக்குடுக்கிறது. உண்மையைச் சொல்லு. நான் எத்தினை நாளைக்கு?"

அப்படி ஒன்றும் இல்லையென்று மாதா மேல் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய அவனுடைய சந்தேகம் இன்னும் உறுதியாகிக் கொண்டு போனது. சாகிற ஆளிடம் எல்லாரும் இப்படித்தான் சத்தியம் செய்வார்கள் என்று நினைத்திருப்பான்.

"இரவிலை நித்திரையில்லை. அப்பர் இருந்த கதிரைதான் கண்ணுக்குள்ளை நிக்குது. கோவில் சுவாமியிட்டைப் போய்ப் பாவமெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டன். நீ செபஸ்தியைப் பாத்துக்கொள். வள்ளத்தை என்ரை அக்காவின்ரை மோன், மருமோனிட்டைக் குடுத்திடு. அவன் பாய் கட்டுறது சரியில்லை, நீ சொல்லிக்குடு. நீ கட்டுறதும் சரியில்லைத்தான், எண்டாலும் அவனை விடத் திறம்."

வேறு நாளென்றால் அந்தக் கடைசி வார்த்தைக்கே நான் எழும்பி நின்றிருப்பேன். அன்றைக்கு அவனுடைய தோளில் கையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். இவன் இல்லாத துறையை நினைத்துப் பார்த்தேன். காலையில் போய் ஆரோடு கதைப்பது? எனக்குப் பயமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இரண்டு மாதம் முடிய வண்டிலைப் பூட்டினேன். செபஸ்தியம்மா மத்தியானத்துக்குச் சோறு கட்டித் தந்தாள். திரும்பி வர வெயிலேறிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். வழி நெடுக சந்தியோகு பேசவில்லை. போனமுறை போகும்போது முள் நோவில் கத்திக்கொண்டு வந்தான். அந்தச் சத்தமே எவ்வளவோ நல்லது.

டாக்டர் துணிப்பையைச் சுற்றினார். இரசம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. இறக்கி, கொஞ்சம் பொறுத்து, இன்னொருமுறை பார்த்தார். போனமுறையைவிடக் கூட.

"சுருட்டுக் குடிக்கிறனீரோ?"

"அண்டைக்கு விட்டது ஐயா."

"நடக்கிறீரோ?"

"விடிய எழும்பிக் கோவில் மட்டும் போய் வாறன்."

"உப்பு?"

"என்ரை மனிசி உப்புச் சாடியைப் பூட்டி வைச்சிருக்கிறா ஐயா. ஒரு கல்லு உப்பும் சட்டிக்குள்ளை விழுகிறேல்லை."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய் சொல்கிற ஆளின் முகம் இதல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடலைப் பற்றி அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சந்தியோகு கையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்க மனமில்லை. "ஐயா, நேரமாகுது, இந்த மனிசன் விடியத் தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை, சோத்தைத் திண்டிட்டு வாறம்" என்று குறுக்கே விழுந்தேன். டாக்டர் நல்ல மனிதர், அங்கேயே விறாந்தையில் இருந்து சாப்பிடச் சொன்னார்.

வாழையிலையை அவிழ்த்தேன். வாசம் எழும்பியது. உள்ளே போகத் திரும்பிய டாக்டர் வாசற்படியில் நின்றுவிட்டார்.

"என்ன அது?"

"சோறும் குழம்பும் ஐயா. தங்கச்சி உப்பில்லாமல் வைச்சது" என்றேன்.

"என்ன குழம்பு?"

"கருவாட்டுக் குழம்பு. நான் போட்ட சீலாக் கருவாடு."

"ஒவ்வொரு நாளும் இதுதானோ?"

"சோழகத்திலை வேறை என்ன ஐயா? துறையே குடுக்குது. நான்தான் கூடக் குடுக்கிறனான்."

டாக்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தார். குரலை ஒரு இம்மியும் உயர்த்தவில்லை.

"கிறிஸ்தோப்பர், நான் மச்சம் தின்னாதவன், எனக்கு உந்த வேலை தெரியாது. கருவாடு எப்பிடிப் போடுறதெண்டு ஒருக்கால் சொல்லும் பாப்பம்."

என் கருவாட்டைப் பற்றி ஒரு படித்த மனிதர் கேட்கிறார். நான் இலையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தேன்.

"அது கைப்பக்குவம் ஐயா. எல்லாருக்கும் வராது. மீனை முதுகுப் பக்கத்தாலை பிளந்து, குடலெடுத்து, கடல் தண்ணியிலை அலசவேணும். பேந்து பெரிய சாடி ஒண்டு எடுத்து, அடியிலை நல்ல கல்லுப்பு ஒரு கை உயரத்துக்குப் பரவி, அதுக்கு மேலை மீன், மீனுக்கு மேலை உப்பு, அதுக்கு மேலை மீன், பேந்தும் உப்பு. கஞ்சத்தனம் பாக்கப்படாது. நான் சந்தியோகுவுக்கெண்டு போட்டதுக்கு வழக்கத்தை விடக் கூட…"

அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது.

டாக்டர் என்னைப் பார்த்துக் கொண்டிருந்தார். சந்தியோகு கையில் எடுத்த கவளத்தைப் பார்த்துக் கொண்டிருந்தான்.

எங்களுக்குக் கருவாடு மீன். உப்பென்றால் சாடிக்குள் இருக்கிற வெள்ளைக் கல். இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கிற மூளை எங்கள் துறையில் ஒருவருக்கும் இல்லாமல் போய்விட்டது. செபஸ்தியம்மா திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சாடியைக் காத்தாள். நான் அதே உப்பைக் கட்டுக் கட்டாகச் சுமந்துகொண்டு படலையால் உள்ளே போனேன், அதுவும் பூசை முடிந்த கையோடு.

முதலில் வாய் திறந்தது சந்தியோகு.

"அடேய் கிறிஸ்தோப்பர்!" என்றான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். விறாந்தைத் தூணில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. "இருவது வரியமா வாயாலை என்னைக் கொல்லப் பாத்தாய், ஏலாமல் போச்சு. இப்ப கருவாட்டாலை கொல்ல வந்தனியே? நான் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டு வள்ளத்தையும் எழுதிக் குடுக்க இருந்தனானடா!"

"நான் நல்லதுக்குத்தானேயடா தந்தனான்! விரலை நக்கி நக்கித் திண்டனீ, உனக்கு நாக்கில்லையே? உப்புக் கரிச்சது தெரியேல்லையே?"

"அது கருவாட்டு ருசியெண்டு நினைச்சனான்!"

கத்தக் கத்த என் நெஞ்சு குளிர்ந்தது. அவனுக்கும் அப்படித்தான், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. திடீரென்று எனக்கு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக் கொண்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"கோபம் நல்லதெண்டு நான் சொல்லமாட்டன். அந்த நேரம் இரசம் ஏறத்தான் செய்யும், பேந்து இறங்கிவிடும். உப்பு அப்பிடியில்லை, ஒவ்வொரு நாளும் உள்ளுக்கை இருந்து வேலை செய்யும். கிறிஸ்தோப்பர், சண்டை பிடிக்காதையும் எண்டுதான் சொன்னனான். எல்லாத்துக்கும் ஓமெண்டு சொல்லி அவரைச் சாகப்போறனெண்டு நினைக்க வைக்கச் சொன்னனானே? பயந்து நித்திரையில்லாமல் கிடக்கிறதும் கூடாது."

பிறகு சந்தியோகுவிடம் திரும்பி, "சந்தியோகு, உமக்கு இன்னும் ரண்டு மாசம் தாறன். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், உப்பிலை கிடந்த எதையும் தொடக்கூடாது. அதுக்குப் பிறகும் இறங்காட்டில் நான் கையை விரிக்கவேண்டியதுதான்" என்றார்.

திரும்பி வந்தபோது படலையடியில் நின்ற செபஸ்தியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவள் என்னைப் பார்த்து, "அண்ணை, இனி வெறுங்கையோடை வாங்கோ" என்றாள். ஆறு மாதம் பேசாமல் இருந்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

சந்தியோகுவின் பொறுமை எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. உண்மையான உப்பில்லாச் சாப்பாட்டின் முதல் வாயிலேயே அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினான். வைக்கோல் என்றான், நனைந்த கயிறு என்றான், மாட்டுக்கு வைத்தால் மாடு அழும் என்றான். செபஸ்தியம்மா மிளகும் இஞ்சியும் தேசிக்காயும் பழப்புளியும் கொண்டு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகப் போராடினாள். சனமும் கருவாட்டை நிற்பாட்டிவிட்டுப் பச்சை மீன் தேடியது. சோழகத்தில் வள்ளம் இறங்காத நாளில் நான் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு களப்புக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒட்டியும் சின்ன மீனும் பிடித்து வருவேன். அதைக் கொடுக்கப் போனால், மீனின் கண்ணைத் திறந்து பார்த்து, "நேத்தைய மீனோ?" என்பான். வேறு ஆரென்றாலும் அந்த இடத்திலேயே மீனை முகத்தில் எறிந்திருப்பார்கள். நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, மெதுவாகத்தான், மீனைக் கொடுத்துவிட்டு வருவேன்.

கோவில் மட்டும் நடந்தவன் கோவிலைத் தாண்டி நடந்தான். சாரம் இடுப்பில் நிற்காமல் வழுக்கத் தொடங்கியது. துறையில் சனம் பழையபடி அவனை எதிர்த்துக் கதைத்தது. கள்ளச்சீட்டுப் போட்டால் கையைப் பிடித்தது. இரவில் குறட்டை வருகிறது என்று செபஸ்தியம்மா சந்தோஷமாக முறைப்பாடு சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாக நாக்கும் பழகிவிட்டது. ஒரு நாள் எங்கள் வீட்டில் ஒரு வாய் சொதி குடித்துவிட்டு, கிறேசைப் பார்த்து, "என்ன தங்கச்சி, கடலையே அள்ளி ஊத்தினனீர்?" என்று கேட்டான்.

புரட்டாதியில் மூன்றாம் முறை வண்டிலைப் பூட்டினேன். சோறு கட்டித் தரவில்லை செபஸ்தியம்மா. இரண்டு பேருக்கும் வாழைப்பழம் தந்தாள்.

டாக்டர் துணிப்பையைச் சுற்றும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு அருள்நிறைந்த மந்திரம் சொன்னேன். பந்தின் சீறல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறக்கப் பயந்துகொண்டு இன்னொரு மந்திரம் சொன்னேன்.

"நூற்றைம்பது" என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் இறங்கவேணும், இறங்கும். உப்பைத் திரும்பத் தொட்டீரெண்டால் இதுவும் திரும்ப ஏறும், அதை மறக்காதையும். இது மாறிப்போற வருத்தமில்லை, வைச்சுக் காக்கிற வருத்தம். மாசத்துக்கு ஒருக்கால் வந்து கையை நீட்டவேணும். மற்றபடி போம், சந்தியோகு. கடலுக்குப் போம்."

சந்தியோகு சிரித்தான். குழந்தைப் பிள்ளை மாதிரி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். நான்தான் விக்கி விக்கி அழத் தொடங்கினேன். என்னால் நிற்பாட்ட ஏலவில்லை. டாக்டர் தண்ணீர் தந்தார், குடித்தும் நிற்கவில்லை.

"நீர் ஒருக்கால் இதிலை இரும், கிறிஸ்தோப்பர். அழுகை ஆறட்டும். பேந்து கையை நீட்டும்."

"எனக்கெதுக்கு ஐயா? எனக்கு ஒண்டும் செய்யேல்லையே."

சொல்லி முடிக்கும்போதே அந்த வார்த்தையை வேறு ஆரோ இதே இடத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றியது. டாக்டர் துணிப்பையைச் சுற்றினார். ஒருமுறை பார்த்தார். என்னைப் படுக்க வைத்து, வெளியே இருந்த இரண்டு நோயாளரைப் பார்த்துவிட்டு வந்து, இன்னொருமுறை பார்த்தார். சந்தியோகுவுக்கு நான் பாதி கொடுத்த கருவாட்டில் மற்றப் பாதியைத் தின்றது ஆர்? நான்தானே. அவனை விட நான் இரண்டு விரல் பருமன் வேறு.

இருநூற்றிருபது. சந்தியோகுவின் முதல் கணக்கை விடக் கூட. வேறு எந்த விஷயத்திலும் நான் அவனை இவ்வளவு தெளிவாக வென்றதில்லை.

கட்டளைகள் எனக்குப் பாடம். டாக்டர் சொல்லத் தொடங்க, நான் ஒவ்வொன்றையும் அவருக்கு முந்திச் சொல்லி முடித்தேன். கடைசி ஒன்றை மட்டும் அவர் சொல்லும் வரைக்கும் பேசாமல் இருந்தேன்.

"ரண்டு மாசத்துக்குக் கடல் வேண்டாம்."

வண்டிலில் வரும்போது மாட்டைப் பிடித்தது சந்தியோகு. ஒரு பகிடி விடுவான், ஒரு குத்தல் கதை சொல்லுவான் என்று நான் காத்துக்கொண்டு இருந்தேன். அவன் இடையில் ஒருமுறை திரும்பி என் காலைப் பார்த்தான், கையைப் பார்த்தான், வாய் நேராக இருக்கிறதா என்று பார்த்தான்.

துறைக்கு வந்து சேர்ந்தோம். காற்று விழுந்து, கடல் ஆறிப்போய்க் கிடந்தது. சேதி எப்படியோ முந்திவிட்டது. அவனுடைய மருமகன் வள்ளத்துக்கு எண்ணெய் பூசி, பாயை உதறி, மணலில் சாய்த்து வைத்திருந்தான். செபஸ்தியம்மாவும் கிறேசும் கரையில் நின்றார்கள்.

"மாமா, நாளைக்கு விடிய இறக்குவமே?" என்று மருமகன் கத்தினான்.

சந்தியோகு வண்டிலில் இருந்தபடியே வள்ளத்தைப் பார்த்தான். அவன் நாலு மாதமாக ஏங்கிக் கிடந்தது எனக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனம் செய்த மனிதன், அவன்.

"நீ போயிட்டு வா. நான் வர இன்னும் ரண்டு மாசம் செல்லும்" என்றான்.

"டாக்குத்தர் விட்டுட்டாரெண்டல்லோ சொன்னவை?"

"அவர் விட்டவர். நான் போகேல்லை. இந்த மனிசனைத் தனியக் கரையிலை விட்டுட்டுப் போனால் ஆர் இவனை நடக்க வைக்கிறது? கிறேசாலை ஏலுமே? களவாக் கருவாடு திண்டு செத்துப்போவான். பேந்து நான் நடுக்கடலிலை நிண்டுகொண்டு ஆரோடையடா கதைக்கிறது?" பிறகு என் பக்கம் திரும்பி, "விடிய எழும்பி நில், வந்து கூப்பிடுவன். கோவில் தாண்டி நடக்கவேணும். மூச்சு வாங்குது, கால் நோகுது எண்டு ஒரு கதையும் கதைக்கப்படாது" என்றான்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிலால் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். என் கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று கிறேஸ் கேட்டாள். மச்சான் மேல் வந்த கோபம் என்றேன். அவள் நம்பவில்லை.